அரை ஸ்டார் விமர்சனம்

போன் அலறியது.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். மதியச் சாப்பாட்டு நேரம். பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் இசைவாணி டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு போனை எடுத்தாள். புது நம்பர்!

"இசைவாணியா? அந்த வீடியோவ இப்பவே தூக்கு. இல்ல... உசுரு தங்காது!"

அவள் சிரித்தாள்.

நேற்றுதான் தன் யூடியூப் சேனலில் 'டைனமைட் மச்சான்' என்ற ஹாலிவுட் டப்பிங் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

ஊரெல்லாம் நாலு ஸ்டார். 'வயிறு குலுங்கும் கோடைக் கொண்டாட்டம்' என்று எழுதாத பத்திரிகை இல்லை. பட்டாசு ஆலைக்குள் இரண்டு ஹீரோக்கள் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்கள். மொத்தமும் வெடிக்கிறது. ஹீரோக்களின் தலைமுடிகூடக் கலையவில்லை! அதற்குத்தான் விமர்சகர்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

இசைவாணி சிரிக்கவில்லை. அவளுடைய அப்பாவை, வெடித்த பட்டாசுத் தகரச் செட்டிலிருந்து அள்ளித்தான் எடுத்தார்கள்.

அரை ஸ்டார் கொடுத்தாள்.

"அண்ணாச்சி... நீங்க எந்த ஹீரோ ரசிகர் மன்றம்? குண்டனா, மொட்டையனா?"

"என்ன புள்ள, நக்கலா?"

"படம் அம்புட்டுப் புடிச்சிருச்சோ?"

"எந்தப் படம்?"

இசைவாணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒரே ரூமுக்குள்ள முப்பது பேரு, ஒத்தக் கதவு, அதையும் வெளிய பூட்டியிருக்கான் கிறுக்கன்னு யாரச் சொன்ன? இந்த அய்யாதுரை செட்டத்தான சொன்ன? காலையில இருந்து வாட்ஸ்அப்ல சுத்துது!"

அவளுக்குப் புரிந்தது. படத்தில் வரும் ஆலையைத் திட்டிய முப்பது விநாடியை மட்டும் யாரோ வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதில் படத்தின் பெயர் இல்லை!

"தகவல் சொன்னது உங்காத்தா வள்ளித்தாய்தான? இந்தா... பூட்டுன ரூமுக்குள்ளதான் இருக்கா. பேசு!"

"ஏ இசை..." அம்மாவின் குரல் நடுங்கியது. "நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலடி..."

தினமும் தன்னை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் லைசன்ஸ் உள்ள பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். பொய்!

இசைவாணி எழுந்து வெளியே வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அய்யா... தெரியாமப் பேசிட்டேன். இப்ப வீடியோவத் தூக்குனா சந்தேகம் கூடத்தான் செய்யும். நானே நேர்ல வந்து, உங்க செட்டு எம்புட்டுப் பத்திரமா இருக்குன்னு புது வீடியோ போட்டுருதேன்."

மறுமுனையில் குரல் குழைந்தது.

"என்னையும் காட்டுவியா?"

"நீங்கதானய்யா ஹீரோ!"

"அப்ப வெள்ளைச் சட்டை போட்டுக்கிடுதேன்."

லொகேஷன் வந்து விழுந்தது!

ஒரு மணி நேரம் கழித்து...

ஆமத்தூருக்கு மேற்கே, சோளக்காட்டு நடுவே தகரச் செட். வெள்ளைச் சட்டையும் முகத்தில் பவுடருமாக அய்யாதுரை. ஆட்டோவிலிருந்து இசைவாணி இறங்கினாள். பின்னாலேயே ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு சுடிதாரில் ஒரு பெண்.

"இது யாரு?"

"கேமரா பிடிக்க வந்த அக்கா. கதவத் தொறங்கய்யா... உள்ள எடுத்தாத்தான் நம்புவாக."

அய்யாதுரை தன் கையாலேயே பூட்டைத் திறந்தான்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து. கடைசி ஆளாக வள்ளித்தாய். மகளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்றாள் சுடிதார்ப் பெண்.

"வந்தாச்சு..."

ட்ரைபாடைத் தரையில் வைத்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து விலங்கு வெளிப்பட்டது!

"இன்ஸ்பெக்டர் அருணாதேவி. கைய நீட்டுய்யா!"

சோளத்தட்டைக்குள்ளிருந்து நாலு போலீஸார் எழுந்தார்கள்.

"அவ ஆத்தாதான் போட்டுக் குடுத்திருக்கா..." அய்யாதுரை கத்தினான்.

"யாருமே சொல்லல. அது சினிமா விமர்சனம்யா! இங்கன இப்படி ஒரு செட்டு இருக்குறதே நீ போன் போட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்" என்றாள் இசைவாணி.

அய்யாதுரையின் முகத்தில் பவுடர் கரைந்து வழிந்தது.

"மேடம்... நான் அந்தப் படத்தப் பாக்கக்கூட இல்லையே!"

"கவலைப்படாத. ஜெயில்ல போட்டுக் காட்டச் சொல்லுதேன்."

இசைவாணி பதறினாள்.

"வேண்டாம் மேடம்... ஒரு குத்தத்துக்கு ரெண்டு தண்டனை குடுக்கக் கூடாது!"