கேரவனின் இடது சக்கரம்

சக்கரம்தான் முதலில் கிடைத்தது. அறுவடை முடிந்து காய்ந்த வயலுக்குள் தனியாக உருண்டு போய்ப் படுத்திருந்தது. கோகிலன் அரைமணி நேரம் கழித்துக் கிடைத்தார், தஞ்சோங் காராங் பெரிய வாய்க்காலுக்குள், தம் ஜீப்பின் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே. பின்னால் கட்டியிருந்த கேரவன் சக்கரத்தை இழந்து, ஜீப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது.

பக்கத்தில் இருந்த மனைவி கங்காவை மட்டும் உயிரோடு தூக்கினார்கள். இடது கையில் எலும்பு முறிவு. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. கொள்ளி வைத்த அன்றும் யாருடைய சாவுக்கோ வந்தவள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

விபத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வியாழன் காலை கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். தன் காடியை ஓட்டிக் கூட்டி வந்தவன் அவள் தம்பி ஷர்வின். ரவாங்கில் ஓர் ஆபீஸில் வேலை. லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டிலேயே கிடந்தான். சாவு வீட்டு வேலை மொத்தமும் அவன் தலையில்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் மெச்சிவிட்டுப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

“வீல் ஏன் கழண்டுச்சுன்னு தெரிஞ்சிடுச்சுக்கா. ரிம் தப்பு.”

“எப்படி?”

“ஆக்ஸில்ல அஞ்சு போல்ட்டு. ரிம்லயும் அஞ்சு ஓட்டை. ஆனா அந்த ஓட்டைங்க சுத்தி வர்ற வட்டம் ரெண்டு மில்லி சின்னது. அழுத்தி முடுக்குனா நட்டு ஏறும், ஒழுங்கா உக்காராது. ஓட ஓட லூசாகி, போல்ட்டு முறிஞ்சிடும்.”

“வலது பக்கம்?”

“அது சரியான ரிம். இடது பக்கம்தான் தப்பு. டயர் கடை இராமையா ஒரு புது ரிம்மும் ஒரு பழைய ரிம்மும் மாட்டி ஏமாத்தியிருக்காரு. திங்கக்கிழமையே புடிச்சிட்டோம். நாளைக்குக் கோர்ட்டு.”

ஷர்வின் தலை குனிந்துகொண்டான். துக்கம் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருப்பார்.

கங்காவுக்கு டயர் மாற்றிய வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. கேரவனைப் பழசாகத்தான் வாங்கினார்கள். டயர்கள் வெடித்துப் போயிருந்தன. சாதா காடி டயரைப் போட்டு ஓட்டிவிடலாம் என்பது கோகிலனின் கணக்கு. இராமையா மசியவில்லை. “இது அடுப்பு, கட்டில், தண்ணித் தொட்டின்னு வீட்டையே இழுத்துக்கிட்டுப் போவுதுங்க. பாரம் தாங்குற டயரு போடணும். அந்தக் காத்தழுத்தத்துக்கு இந்தப் பழைய ரிம்மு பத்தாது,” என்று இரண்டு புது வெள்ளை ரிம்களை இறக்கினார். நட்டு ஒவ்வொன்றையும் முதலில் விரலாலேயே கடைசிவரை திருகினார். “விரலுக்கு ஓடணும்மா. சிக்குச்சுன்னா ரிம்மு சேரலன்னு அர்த்தம். அப்ப ஸ்பேனர் சாவியப் போட்டு முடுக்கவே கூடாது.”

ஒன்றும் சிக்கவில்லை. வேறு வேலை இல்லாமல் விசிறிக்கொண்டு நின்ற கங்கா இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“நா பாத்தேன் மேடம். அவரு சரியாத்தான் மாட்டினாரு.”

“நம்புறேன்க்கா. ஆனா நட்டு திருகுனதப் பாத்தேன்னு சொன்னா கோர்ட்டுல நிக்காது லா.”

“அந்த வீல நா பாக்கணும்.”

“எதுக்குக்கா? வேணாம், வீட்டுக்குப் போலாம்,” என்றான் ஷர்வின். அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கேரவன் சேறு அப்பி நின்றது. கழன்ற சக்கரம் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. கங்கா வலது சக்கரத்துக்குத்தான் முதலில் போனாள். வெள்ளிக்கிழமை அவள் அதில் வைத்த குங்குமத்தை வாய்க்கால் தண்ணீர் கொண்டு போயிருந்தது. ஆனால் வெள்ளை ரிம்மில் அவள் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. அழுத்தித் துடைத்தும் போகவில்லை.

பிறகு இடது சக்கரத்தின் அருகே குனிந்தாள். அதிலும் மஞ்சளாக ஒரு தீற்றல், நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டியதும் பொடியாக உதிர்ந்தது. கீழே கறை இல்லை. விரலை மூக்கருகே கொண்டு போனாள். ஐந்து நாளாக அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. இது தெரிந்தது. சந்தனம்.

“மேடம், இது நா வச்ச பொட்டு இல்ல.”

“என்னக்கா சொல்றீங்க?”

“டயர் மாத்துன சாயங்காலம் வண்டிக்குப் பூசை போட்டோம். ரெண்டு வீலுக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நாந்தான் பொட்டும் வச்சேன். அன்னிக்கு வீட்டுல சந்தனம் தீந்துபோச்சு. மஞ்சத்தூளக் கரைச்சுத் தடவி, அதுமேல குங்குமம் வச்சேன். டயருக்கு மஞ்சக் குளிப்பாட்டுறியான்னு அவருகூடக் கேலி பண்ணாரு.”

இன்ஸ்பெக்டர் இரண்டு ரிம்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப பூசைக்கு அப்புறம் இந்த ரிம்ம யாரோ மாத்தியிருக்காங்க. நீங்க கண்டுபிடிக்கக் கூடாதுன்னு பொட்டும் வச்சிருக்காங்க.”

“இராமையா பூசைக்கு வரல. பொட்டு வச்சது அவருக்குத் தெரியாது.”

“உங்க வீட்டுக்காரர்?”

“எங்க வீட்டுல அதுக்கப்புறமும் சந்தனம் வாங்கல.”

கங்காவுக்கு அடுத்த வார்த்தை வாயில்தான் இருந்தது. அதைச் சொன்னால் இருக்கிற ஒருவனும் போவான். சொல்லாவிட்டால் நாளைக்கு இராமையா போவார். அப்போதும் அவளுக்கு மனம் பதறவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

“பூசைக்கும் விபத்துக்கும் நடுவுல வண்டி ஒரே ஒரு தடவ வெளிய போச்சு. சனிக்கிழமை, கலும்பாங் ஆத்துக்கு. கூட்டாளிங்களோட போறேன்னு தம்பி வாங்கிட்டுப் போனான். ஞாயித்துக்கிழமை காலையில கொண்டாந்து விட்டான்.” அவள் ஷர்வினைத் திரும்பிப் பார்த்தாள். “நெத்தி நெறையச் சந்தனம். ஆத்துக்குப் போனியா, கோயிலுக்குப் போனியான்னு மாமா கேட்டாரே, ஞாபகம் இருக்கா? கோயில் பக்கமே போகாத ஆளு நீ.”

ஷர்வின் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“குழியில வுட்டுட்டேன்க்கா. ரிம் வெடிச்சிருச்சு. புது ரிம்மு, மாமா ஏசுவாரேன்னு… சுங்கை சோவுல பழைய சாமான் கடையில அதே மாதிரி ஒண்ணு கெடைச்சுச்சு. டயர அதுல ஏத்தி, வெள்ளச் சாயம் அடிச்சேன். அஞ்சு ஓட்டை இருந்துச்சுக்கா. நட்டு சிக்குச்சு, சாவியப் போட்டு முடுக்குனேன், ஏறிடுச்சு. இப்படி ஆகும்னு சத்தியமாத் தெரியாது.”

“அது தெரியாது. இராமையாவப் புடிச்சு வச்சிருக்காங்கன்னு தெரியுமில்ல?” என்றாள் கங்கா.

“தெரியும்.”

“அப்பவும் வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்த.”

“உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கோயில்ல கும்பிட்டு, அங்க குடுத்த சந்தனத்துலதான்க்கா அந்தப் பொட்ட வச்சேன்,” என்றான் ஷர்வின்.

அவனைக் கான்ஸ்டபிள் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இராமையாவை விடுவிக்க ஆகவேண்டியதைப் பார்க்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

“எப்படி வீட்டுக்குப் போவீங்க?”

தம்பியின் காடிதான் வாசலில் நின்றது. கங்கா அதைப் பார்த்தாள்.

“நானே கொண்டுபோயி விடுறேன், வாங்கக்கா.”

இரண்டு அடி நடந்தவள் நின்று, கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“கை வலிக்குது மேடம்,” என்றாள்.