ஆவி பறந்தும் போகாத நீலம்

அஞ்சுகத்தின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கட்டிலிலிருந்து கதவுவரை தவழ்ந்து வந்து, அங்கேயே சுருண்டு கிடந்தாள். தரையெல்லாம் வாந்தி, அதுவும் நீலம்.

சப்-இன்ஸ்பெக்டர் ஹஃப்ஸா மேசையில் இருந்த டம்ளரை எட்டிப் பார்த்தாள். அடியில் பளிச்சென்று கொஞ்சம் நீலத் தண்ணீர்.

"அவ ஆராய்ச்சியே அவளைக் கொன்னுடுச்சு மேடம்," என்றார் கணவர் சிதம்பரநாதன். "பின்னாடி தொட்டியில ஸ்பைருலினா பாசி வளர்த்து, அதுலேருந்து நீலமா ஒரு புரதம் எடுப்பா. தினம் குடிப்பா."

"இன்னைக்கு யார் கலக்கினது?"

"நான்தாங்க. தொண்டை வலின்னா. கொதிக்கிற தண்ணியில கலக்கிக் கொடுத்துட்டு நெடுங்காட்டு வயலுக்குப் போனேன். நெல்லுல பாசி மண்டிக் கிடக்கு, மருந்து அடிக்கணும்ல? திரும்பி வந்தா இப்படி."

"ருசி மாறியிருந்தா துப்பியிருப்பாங்களே?"

"கொரோனா வந்ததுலேருந்து அவளுக்கு ருசியே தெரியாதுங்க."

அஞ்சுகத்தின் மாணவி கீர்த்திகா வாசலில் விம்மிக்கொண்டிருந்தாள். "அது விஷமில்லை மேடம். செல்லு ஆக்சிஜனேற்றத்துல கெடாம தடுக்கிற புரதம். நச்சு கொடுத்த எலிங்களோட ஈரலையே காப்பாத்திச்சு. நானும் குடிக்கிறேன்."

ஹஃப்ஸா அவளை அடுக்களைக்கு அழைத்துப்போய், அந்தப் புரதத்தின் நீலப் பொடியைக் கொதிக்கும் நீரில் போடச் சொன்னாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வெளுத்து, வெறும் கலங்கல் மிஞ்சியது.

"புரதமாச்சே மேடம், வெந்துடும். ஆறின தண்ணியிலதான் கலப்போம்."

ஹஃப்ஸா கூடத்துக்குத் திரும்பினாள்.

"கொதிக்கிற தண்ணியில கலந்தது எப்படிங்க நீலமாவே இருக்கு? வயல் பாசிக்கு என்ன மருந்து அடிச்சீங்க? நீலக் கட்டியா விக்கிற மயில்துத்தம்தானே? கட்டி கரையணும்னுதானே வெந்நீர்?"

சிதம்பரநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் கலக்கம் இல்லை; சலிப்புதான் தெரிந்தது.

"துறைமுகத்துக்கு வர்ற நிலக்கரியைக் கொட்டி வைக்க இந்த இடத்தை விலைக்குக் கேட்டாங்க. நிலம் அவ பேர்ல. தொட்டியை எடுக்க மாட்டேன்னுட்டா."

"அவங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு. ஒரு வாய் குடிச்சதும் டம்ளருக்குள்ள பார்த்தா. 'ஆவி பறக்குது, நீலம் ஏன் போகலை'ன்னு கேட்டா."

"அப்புறம்?"

"மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன். கதவை வெளியில பூட்டிட்டு வயலுக்குப் போனேன். தட்டிக்கிட்டேதான் இருந்தா."

ஹஃப்ஸா அவருக்கு விலங்கு மாட்டினாள்.

ஜீப்பில் ஏறுமுன் அவர் கீர்த்திகாவைத் திரும்பிப் பார்த்தார். "தொட்டிப் பக்கம் போகாதம்மா. நேத்தே அதுலயும் துத்தத்தைக் கொட்டிட்டேன்."