ஐந்து கோள்கள் மட்டும்

காலிஸ்டோவில் சூரியன் பதினேழு நாளுக்கு ஒருமுறைதான் உதிக்கும். அதற்காகப் பள்ளிக்கூடம் காத்திருக்க முடியுமா? பூமிக் கடிகாரப்படி காலை ஏழு மணி ஆனதும் குடியிருப்பின் விளக்குகள் மஞ்சளாக எரியும். அதுதான் விடியல். அன்றும் விடிந்ததும் சங்கமித்திரை மகளைப் பிடித்து உட்காரவைத்து, அவள் காதுக்குப் பின்னால் பதிந்திருந்த மனன வில்லையைப் பஞ்சால் துடைத்து, வானியல் பாடத்தின் அடுத்த அத்தியாயத்தை ஏற்றினாள். பாடம் ஏறும்போது லேசாகக் கூசும். நிறைமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் பாசிமாவு இட்லி சாப்பிட்டார்கள்.

மனன வில்லை நல்ல கருவி. புத்தகத்தை எழுத்துப் பிசகாமல் நினைவில் நிறுத்திவிடும். ஒரே ஒரு குறை. வில்லை சொல்வதற்கு மாறாகக் கண் எதையாவது பார்த்துவிட்டால், மூளை கண்ணின் பக்கம் சாய்ந்துவிடும். மூளையின் இந்தக் கோளாறைச் சரிசெய்ய ஆராய்ச்சி நடப்பதாக வில்லைத் தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள்.

நிறைமதிக்குப் பதினாறு வயது. வியாழனைச் சுற்றும் இந்த நிலாவிலேயே பிறந்து வளர்ந்தவள். படுக்கையறை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பது ஒன்றுதான் அவள் பொழுதுபோக்கு. அந்தப் பைத்தியத்தில்தான் வானியல் படிக்க ஆசைப்பட்டாள். பூமியில் இருந்த வானியல் கல்லூரி, காலிஸ்டோவுக்கு ஆண்டுக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. அது கிடைத்தால் பூமி. கிடைக்காவிட்டால் அம்மா வேலை பார்க்கும் பனியுருக்கும் ஆலை. சங்கமித்திரையின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவை ஆலைக் குளிருக்குப் போனவை.

மாலையில் பயிற்றி வந்தது. வீடு வீடாகப் போய் டியூஷன் எடுக்கும் இயந்திரம் அது.

"மாதிரித் தேர்வில் ஒரு விடை தவறு," என்றது. "வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய கோள்கள் எவை என்பது கேள்வி. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்பது விடை. உங்கள் மகள் புதனை விட்டுவிட்டுப் பூமியைச் சேர்த்திருக்கிறாள்."

"ஏண்டி, இருக்கறத எழுதுனா கை தேஞ்சா போயிடும்?" என்றாள் சங்கமித்திரை.

"புதன் தெரியலம்மா. பூமி தெரியுது. நீயே வந்து பாரு."

சங்கமித்திரை ஜன்னலருகே போனாள். அவள் வானத்தைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வியாழன் எப்போதும் போல அதே இடத்தில் பூசணிக்காயாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சூரியன் மறைந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. அது போன இடத்துக்குச் சற்று மேலே, பனிமேட்டின் விளிம்பில், நீலமாக ஒரு பொட்டு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அங்கிருந்துதான் வந்தவர்கள்.

"தெரியுதுதான்," என்றாள். "அதுக்கு?"

"தெரியறத எழுதக் கூடாதா?"

"மார்க் போடறவங்க அங்க உக்காந்திருக்காங்கடி. அவங்க நிக்கிற எடம் அவங்களுக்கு எப்படி வானத்துல தெரியும்?"

நிறைமதி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புத்தகத்தில் பிழை இல்லை. வில்லையிலும் பிழை இல்லை," என்றது பயிற்றி. "ஜன்னல்தான் குழப்புகிறது."

அன்றே சங்கமித்திரை ஜன்னல் தகட்டை இழுத்து மூடினாள். அதன் மேல், பயிற்றி நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சூரியக் குடும்பப் படத்தை நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டினாள். நிறைமதி சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். அம்மா அடுக்களையில் அழுதாள். அழுகையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. நிறைமதி ஐந்து கோள்களையும் வரிசை பிசகாமல் எழுதினாள். இடம் கிடைத்தது. ஆலையில் சங்கமித்திரை எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தாள்.

பூமியில் இறங்கிய அன்று இரவே நிறைமதி விடுதி மொட்டைமாடிக்கு ஏறினாள். வானம் முழுக்க விளம்பரப் பலகைகள் மிதந்தன. சோப்பு, குளிர்பானம், மனன வில்லையின் புதிய வகை. அவற்றின் வெளிச்சத்தில் ஒரு விண்மீன்கூடத் தெரியவில்லை. மறுநாள் பேராசிரியரிடம் கேட்டாள்.

"சார், அந்த அஞ்சு கோளும் எங்க நின்னு பாத்தா தெரியும்?"

"பாடத்துல இருக்கேம்மா," என்றார் அவர். "இதுக்குன்னு எதுக்கு மாடி ஏறணும்?"

அதற்குப் பிறகு அவள் மாடி ஏறவில்லை. நன்றாகப் படித்தாள், படித்த கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள், தலை நரைக்கத் தொடங்கியபோது நுழைவுத் தேர்வுக் குழுவின் தலைவி ஆனாள். சங்கமித்திரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளைப் பற்றிப் பார்த்தவரிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு வியாழனின் இன்னொரு நிலாவான கானிமீடின் குடியிருப்பிலிருந்து ஒரு மேல்முறையீடு வந்தது. யாழரசி என்ற மாணவிக்கு ஒரு மதிப்பெண்ணில் இடம் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியும் கோள்களில் பூமியையும் எழுதியிருந்தாள். ஆதாரமாகத் தன் அறை ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை இணைத்திருந்தாள். பனிமேட்டின் விளிம்பில் ஒரு நீலப் பொட்டு.

நிறைமதி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பொட்டுக்குள்தான் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா பசை தடவிய நாள் நினைவுக்கு வந்தது.

"விடைக்குறிப்ப மாத்திடலாமா மேடம்?" என்று கேட்டான் உதவியாளன் கதிர்வேலன்.

"மாத்துனா, இத்தன வருசமா அஞ்சுன்னு எழுதி சீட்டு வாங்கினவங்க கதி?" என்றாள். அவர்களில் முதல் ஆள் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

தவறு என்று குறித்தாள். ஆனால் அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு உண்மையாகவே இரக்கம் பிறந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்த ஆண்டாவது தேறிவிட வேண்டும்.

"நம்ம செலவுல அந்தப் பொண்ணுக்கு ஒரு சூரியக் குடும்பப் படம் அனுப்பிடுங்க," என்றாள் கதிர்வேலனிடம். "பெருசா இருக்கட்டும். அதுக்கு முன்னாடி, அவங்க வீட்டு ஜன்னலோட நீள அகலம் என்னன்னு கேட்டுக்குங்க."