ராசாத்தியின் கயிறும் துரையின் கையும்

ராசாத்தி என்ற எருமை எவ்வளவு பெரியது என்று கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். அது இரணைமடுக் குளத்தில் இறங்கினால், குளம் நிரம்பிவிட்டது என்று நினைத்து கீழே வட்டக்கச்சி ஊரில் சிலர் விதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதன் சொந்தக்காரர் ஏரம்பு. எருமையைக் கொண்டு வயலில் சேறு மிதிக்கும்போதே அவர் வரம்பும் கட்டுவார். அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். அதனால் ராசாத்திக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார். கயிறு இழுபட்டால் நடக்க வேண்டும். கயிறு தரையில் விழுந்தால் நிற்க வேண்டும்.

ராசாத்தியின் கன்று குட்டானை ஏரம்புவின் மகள் கமலாசனி வளர்த்தாள். அவளுக்குப் பத்து வயது. குட்டானுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. கயிற்றை விட்டால் போதும், பறந்துவிடும். ஆகவே அவள் விடுவதே இல்லை.

ஒரு நாள் குளம் பார்க்க ஹார்ப்பர் துரை என்ற ஆங்கிலேய எஞ்சினியர் வந்தார். வாயில் சுங்கான் என்ற புகைக்குழாய் புகைந்தது. கழுத்தில் கமரா தொங்கியது. குளக்கட்டில் ஏரம்புவோடு நின்ற ராசாத்தியைக் கண்டதும் அதனோடு படம் பிடிக்க ஆசைப்பட்டார். கமராவை ஏரம்புவிடம் கொடுத்துவிட்டு, ராசாத்தியின் கயிற்றைத் தன் கையில் வாங்கினார்.

"அப்பா, கவனம்! உடைஞ்சால் சீமையிலிருந்துதான் வேறை வரவேணும்," என்றாள் கமலாசனி.

"நான் உயிரை விட்டாலும் இதை விடமாட்டன், பிள்ளை."

வெயில் உச்சிக்கு வந்தது. ராசாத்திக்குத் தண்ணீர் நினைவு வந்தது. மெல்ல நடந்தது. துரை அதை நிறுத்தக் கயிற்றை இழுத்தார். கயிறு இழுபட்டதால் ராசாத்தி வேகமாக நடந்தது. துரை இன்னும் பலமாக இழுத்தார். ராசாத்தி ஓடியது!

குளக்கட்டில் இருந்து சரிவில் இறங்கி, நேரே குளத்து மதகான துருசுப் பக்கம் போனது. அன்று துருசு திறந்திருந்தது. வாய்க்காலுக்குப் போகும் தண்ணீர் அதற்குள் சுழன்று சுழன்று இறங்கியது. முந்தின நாள் அதற்குள் விழுந்த பூசணிக்காய், வட்டக்கச்சிக்குப் போய்ச் சேரும்போது கறிக்கு வெட்டிய துண்டுகளாக இருந்ததாம்.

"விடுங்கோ துரை! கயித்தை விடுங்கோ!" என்று கத்தியபடி ஏரம்பு ஓடினார். கமராவைப் பச்சைப்பிள்ளை போல நெஞ்சோடு அணைத்திருந்தார்.

துரைக்குத் தமிழ் தெரியாது. ஏரம்புவுக்கு ஆங்கிலம் தெரியாது. ராசாத்திக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

"பிள்ளை, இங்கிலீசிலை சொல்லு!"

கமலாசனி குட்டானையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். விடுவதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் என்று அப்புத்துரை வாத்தியார் படிப்பித்திருந்தார். "இடம் பாத்துச் சொல்லவேணும். இல்லாட்டில் சட்டையைக் காலிலை மாட்டின மாதிரி," என்றும் சொல்லியிருந்தார்.

"எது சரியெண்டு தெரியேல்லை, அப்பா!"

"எல்லாத்தையும் சொல்லு! ஏதாவது ஒண்டு சரிவரும்!"

"கிவ் அப்!" என்று கத்தினாள்.

அது தோல்வியை ஒப்புக்கொள்ளும்போது சொல்வது. துரையின் முகம் சிவந்தது. "நெவர்!" என்று கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"ட்ரொப்!"

அது கீழே போடச் சொல்வது. துரை வாயிலிருந்த சுங்கானைக் கீழே போட்டார்.

தண்ணீர் அவருடைய முழங்காலைத் தொட்டது. துருசின் இரைச்சல் காதை அடைத்தது.

"லெற் கோ! லெற் கோ!"

பிடியை விடச் சொல்வது அதுதான். துரைக்கு விளங்கியது. ஆனால் தலையை ஆட்டி மறுத்தார். "யுவர் பஃபலோ!" என்றார்.

உங்கள் எருமை போய்விடுமே!

கமலாசனிக்கு அப்போதுதான் புரிந்தது. சொல் சரிதான். மனிதர்தான் எங்களுக்காகப் பயப்படுகிறார்!

அவள் தன் கையைப் பார்த்தாள். கையில் குட்டானின் கயிறு. விட்டால் குட்டான் தாயை நோக்கி ஓடும். அங்கே துருசு. அவள் விரல்கள் திறக்க மறுத்தன. துரையின் இடுப்புவரை தண்ணீர் வந்துவிட்டது.

"சேர்! லுக்!" என்று துரையைக் கூப்பிட்டாள்.

கமலாசனி கண்களை இறுக மூடிக்கொண்டு விரல்களைத் திறந்தாள். கயிறு விழுந்தது. குட்டான் பறந்தது. அவள் வெறும் கைகளை உயர்த்திக் காட்டினாள்.

துரை அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளை விரித்தார்.

கயிறு தண்ணீரில் விழுந்தது. ராசாத்தி நின்றது. மலை நின்றது போல நின்றது. பின்னால் பாய்ந்து வந்த குட்டான் தாயின் வயிற்றில் "தொம்" என்று முட்டி, அதுவும் நின்றது.

கமலாசனி கண்களைத் திறந்தாள். எண்ணிப் பார்த்தாள். எருமை, கன்று, துரை. எல்லாரும் இருந்தார்கள்.

துரை சொட்டச் சொட்டக் கரையேறி, அவளைப் பார்த்துத் தலை வணங்கினார். பிறகு கமராவுக்காக ஏரம்புவிடம் கையை நீட்டினார். ஏரம்பு கொடுக்கவில்லை. துரை மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பயத்தில் ஏரம்புவின் விரல்கள் கமராவோடு ஒட்டிப்போயிருந்தன.

"அப்பா," என்றாள் கமலாசனி, "லெற் கோ!"

ஏரம்புவுக்கு அது உடனே விளங்கியது.