பிரேசில் கேட்கும் வீடு

சிகாசுவே ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஊர் அவரை விட்டபாடில்லை. லுவான்ஷா செம்புச் சுரங்கத்தில் விபத்து நடந்தால் யார் மீது தவறு என்று விசாரிப்பதுதான் அவர் பார்த்த வேலை. இப்போது காணாமல் போன கோழியிலிருந்து கள்ளக் கையெழுத்து வரை எல்லாம் அவர் வாசலுக்குத்தான் வரும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து நின்றவர் மும்பா, டிவி பழுதுபார்க்கும் கடைக்காரர்.

"ஐயா, நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஒரு கம்பத்தை இறக்கச் சொல்லியிருக்காங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது."

"யார் வீட்டுக் கம்பம்?"

"எஸ்னாத் அம்மா வீட்டுது. அதான் ஐயா, ரேடியோவுல பிரேசில்காரன்கூடப் பேசுவாங்களே."

எஸ்னாத்தைச் சிகாசுவேக்குத் தெரியும். சுரங்கத்துத் தொலைபேசி நிலையத்தில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பேருந்து விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. அன்றிலிருந்து சக்கர நாற்காலி, ஓர் அறை, முறையாக உரிமம் வாங்கிய ஒரு பழைய வானொலிப் பெட்டி. மாமரத்துக்கும் ஒரு இரும்புக் கம்பத்துக்கும் நடுவே கட்டிய கம்பிதான் வான்கம்பி. அதை வைத்துக்கொண்டு அவர் கடல் தாண்டிப் பேசுவார்.

"பக்கத்து வீட்டு சின்யாமா, தெருக் கமிட்டித் தலைவர், புகார் எழுதிட்டார். அந்தம்மா பேசுறப்போ அவர் வீட்டு டிவியில படம் கெட்டுப்போகுதாம். ஏழு தடவை கெட்டுச்சுன்னு தேதி, நேரம் எல்லாம் போட்டிருக்கார். இந்தாங்க."

சிகாசுவே தாளை வாங்கிப் பார்த்தார். செவ்வாய் 17:20. செவ்வாய் 17:45. புதன் 18:05. சுரங்கத்தில் வேலை பார்த்த ஊர் ஆதலால் அங்கே எல்லோரும் நேரத்தை அப்படித்தான் எழுதுவார்கள்.

"விஷயம் அதோட நிக்கல ஐயா. அந்தம்மா தான் பேசுன ஒவ்வொண்ணையும் ஒரு பதிவேட்டுல எழுதி வைக்கிறாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஏழும் நிமிஷம் பிசகாமப் பொருந்துது. 'அப்போ நான்தான் போலிருக்கு'ன்னு அழுதுட்டாங்க."

"ஏழும் நிமிஷம் பிசகாமலா?" என்று கேட்டுவிட்டு சிகாசுவே தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார்.

வழியெல்லாம் மும்பா புலம்பிக்கொண்டே வந்தார். "இந்த வாரமே சரியில்ல ஐயா. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போன கரண்ட் ஏழு மணிக்குத்தான் வந்துது. நம்ம நாலு தெருவும் சேர்ந்து அவுட். பிரிச்சுப்போட்ட டிவி முன்னாடி சும்மா உட்கார்ந்திருந்தேன்."

கதவைத் திறந்தவள் எஸ்னாத்தின் தங்கை ஃபெபி. இடுப்பில் முடிந்திருந்த சாவியால் திறந்தாள். அவர்கள் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டிச் சாவியை முடிந்துகொண்டாள். வாசலில் நாற்காலி இறங்குவதற்குப் போட்ட சரிவுப் பலகை மழையில் உளுத்து உடைந்து கிடந்தது. சமையலறையில் சோளமாவில் ஷீமாக் களி கிளறிய வாசனை. அதன் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சீருடை, மடிப்புக் கலையாமல் தொங்கியது.

எஸ்னாத்தின் அறைக்கு ஒரே சன்னல், அதிலும் திருடனுக்குப் பயந்து போட்ட கம்பிகள். மேசையில் வானொலிப் பெட்டி, காதில் மாட்டும் கருவி, பதிவேடு. சுவரில் ஒரு கடிகாரம்.

"உங்க கடிகாரம் ரெண்டு மணி நேரம் பின்னாடி ஓடுதும்மா," என்றார் மும்பா. "கழட்டிக் கொடுங்க, சரி பண்ணித் தரேன்."

"அது சரியாத்தான் ஓடுது. அதைத் தொடாதீங்க." எஸ்னாத்தின் கண்கள் வீங்கியிருந்தன. "சிகாசுவே ஐயா, அந்தக் கம்பி போச்சுன்னா எனக்கு இந்த நாலு சுவர்தான். மூணு வருஷத்துல இந்த வாசலை நாலு தடவை தாண்டியிருக்கேன், நாலும் ஆஸ்பத்திரிக்கு. சாயங்காலம் பெட்டியைப் போட்டாத்தான் எனக்கு மூச்சு வருது. பிரேசில்ல ஒரு பல் டாக்டர் என் குரலைக் கேட்டதும் சிரிக்கிறார். என் தம்பி கிட்வே டவுன்ல ஒரு மூணாவது மாடி வீட்டுல இருக்கான், அங்க வந்துடுன்னு கூப்பிடுறான். அங்க கம்பி கட்ட இடம் இல்ல. செத்தாலும் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். இப்போ இங்கேயும் இல்லன்னா, போகாம என்ன பண்ண?"

"கரண்ட் இல்லாதப்போ இந்தப் பெட்டி வேலை செய்யுமா?"

"பேட்டரிக்கு நான் எங்க போக? கரண்ட் வந்தாத்தான்."

"இந்த அறைக்குள்ள யார் யார் வருவாங்க?"

"ஃபெபி. அப்புறம் பென்சன், அவரும் ரேடியோ உரிமம் வெச்சிருக்கவர், ஞாயித்துக்கிழமை வருவார். அவ்வளவுதான். சின்யாமா கேட்டுக்கு வெளியில நின்னு கத்துறதோட சரி."

வெளியே வந்ததும் மும்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பென்சன்தான் ஐயா! இந்தப் பெட்டி மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு."

சிகாசுவே நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். சின்யாமா வெடுவெடுவென்று பேசினார். டிவி கெடுவது நிஜம்தானாம். ஆனால் அவர் நேரம் குறித்து வைக்கவில்லை. "ஒருத்தர் எழுதிக் கொடுத்தாங்க. பேரைச் சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். நீங்க தலைகீழா நின்னாலும் வராது." மும்பா அவர் வீட்டுக் கூரை மேல் ஏறி, துருப்பிடித்து இற்றுப்போன ஒரு டிவி கேபிளைக் கையில் பிடித்தபடி இறங்கினார்.

அன்று மாலை எஸ்னாத்தின் அறையில் நிற்க இடமில்லை. சின்யாமா, பென்சன், மும்பா மூவரும் சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். ஃபெபி வாசற்படியில், கையைத் துடைத்தபடி.

"டிவி கெட்டதுக்குக் காரணம் உங்க கூரையில இருந்த கேபிள், சின்யாமா," என்று ஆரம்பித்தார் சிகாசுவே. "மும்பா மாத்திட்டார். எனக்குப் புரியாம இருந்தது இந்தப் பட்டியல்தான். செவ்வாய்க்கிழமை 17:20க்கு, அதாவது சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு, உங்க டிவி கெட்டுதா?"

"தாளுல இருக்கே."

"அன்னைக்கு நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் கரண்டே இல்ல. அப்புறம் எந்த டிவியைப் பார்த்தீங்க?"

சின்யாமா தாளை வாங்கி அந்த வரியைத் திரும்பப் படித்தார்.

"ஆனா பதிவேட்டுலயும் அதே 17:20 இருக்கே ஐயா," என்றார் மும்பா. "கரண்ட் இல்லாம அம்மா எப்படிப் பேசுனாங்க?"

"அந்தக் கடிகாரத்தைப் பாரு. எஸ்னாத், அது எந்த ஊர் நேரம்?"

எஸ்னாத் நிமிர்ந்தார். முகம் மாறியது. "எந்த ஊர் நேரமும் இல்ல... உலகத்துக்குப் பொதுவான நேரம். ரேடியோக்காரங்க எல்லாரும் அதுலதான் பதிவோம். நம்ம ஊர் நேரத்துக்கு ரெண்டு மணி பின்னாடி. அப்போ 17:20ன்னா... நான் பேசுனது ஏழு இருபதுக்கு!"

"கரண்ட் வந்ததுக்கு அப்புறம். அந்த நேரத்துலயே வாழ்றதால உங்களுக்கே உறைக்கல. ஆக, இந்தப் பட்டியலை யாரும் டிவியைப் பார்த்து எழுதல. பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்காங்க."

எல்லோரும் பென்சனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"பென்சனா இருந்தா ரெண்டு மணி நேரத்தைக் கூட்டித்தான் எழுதியிருப்பார்," என்றார் சிகாசுவே. "அவரும் இந்தக் கடிகாரத்துலதான் வாழ்றவர். எழுதினவங்களுக்கு இது தெரியாது. இந்த அறைக்குள்ள தினமும் வந்து போறவங்க, ஆனா இதை யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. அப்படி இருக்கறது ஒரே ஆள்." அவர் குரல் தணிந்தது. "சமையலறையில தொங்குற சீருடை யாரோடதும்மா?"

ஃபெபி துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடதுதான். நான் பிரசவம் பார்க்கப் படிச்சவ. தூரத்துல கசாமா ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, அக்காவை விட்டுட்டுப் போக முடியல. இது மூணாவது. ஒண்ணாம் தேதி சேரணும். இதுக்கு மேல கூப்பிடமாட்டாங்க."

"நீயா?" எஸ்னாத்தின் குரல் உடைந்தது. "என் கம்பியையா?"

"கம்பி போனா நீ கிட்வே போவே. நீ போனா நான் போவேன். எனக்கு வேற வழி தெரியல அக்கா. அந்தக் கடிகாரம் ஏன் பின்னாடி ஓடுதுன்னு ஒரு நாள் கேட்டேன். 'உனக்குப் புரியாது'ன்னே. நீ தூங்கினப்போ அவசர அவசரமா அப்படியே பார்த்து எழுதினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!"

"மூணு கடுதாசி வந்தப்பவும் சொன்னேன். உன் பின்னாடி நின்னு சொன்னேன். காதுல அதை மாட்டியிருந்தே."

சின்யாமா தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "கம்பம் இருக்கட்டும்," என்று முணுமுணுத்துவிட்டு வெளியேறினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். சிகாசுவேக்கு மனசு கனத்தது. புதிர் சரியாகத்தான் அவிழ்ந்தது, ஆனால் கம்பத்தைக் காப்பாற்றி ஃபெபியை அந்த வீட்டிலேயே பூட்டிவிட்டோமோ என்று வழியெல்லாம் யோசித்தார்.

மறுநாள் எட்டு மணிக்கே மும்பாவுக்கு ஆள் வந்தது. கம்பத்தை இறக்கச் சொன்னது கமிட்டி இல்லை, எஸ்னாத். சிகாசுவேயும் கூடப் போனார். வாசற்கதவு பூட்டாமல் திறந்திருந்தது. சமையலறையில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. வெள்ளைச் சீருடையைக் கதவுக்குப் பின்னால் காணோம்.

"தம்பி பன்னண்டு மணிக்கு வண்டியோட வரான்," என்றார் எஸ்னாத். அழுது ஓய்ந்த முகம். "கம்பியை முறிக்காம சுருட்டிக் கொடுங்க. பால்கனியில கட்டிப் பார்க்கிறேன். பிரேசில் வராது. பக்கத்துல ஏதாவது வரும்."

மும்பா மாமரத்தில் ஏறினார். அவர் இறங்கும் வரை சிகாசுவே பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தேதி, நேரம், பேசிய நிலையம், குரல் ஐந்துக்கு எத்தனை தெளிவு. கடைசி வரி முந்தின நாள் இரவு எழுதியது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மும்பா கிசுகிசுத்தார். "ஐயா, இதுல நேரம் தப்பாயிருக்கே. 20:15ன்னு போட்டிருக்காங்க. நாம எட்டு மணிக்குத்தானே கிளம்பினோம், இது நம்ம ஊர் நேரமாச்சே?"

"நிலையத்தைப் படி."

"ஃபெபி. சமையலறை." மும்பா விரலால் அடுத்த கட்டத்தைத் தொட்டார். "தெளிவு, அஞ்சுக்கு அஞ்சு."

சிகாசுவே பதிவேட்டை மூடி, பெட்டிக்குள் துணிகளின் மேல் வைத்தார்.