முகமூடிக்குள் மாட்டிக்கொண்ட கத்தரிக்கோல்

வேன் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதிலிருந்து உள்ளே ஒரே சத்தம். செங்கல்பட்டில் அறிவியல் நாடகப் போட்டி. மாமல்லபுரத்துப் பிள்ளைகள் முதல்முறையாக மேடை ஏறப்போகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வசனத்தைச் சொல்லிப் பார்த்தார்கள். வசனம் இல்லாதவர்கள் சும்மா கத்தினார்கள்.

"கண்ணுங்களா, கொஞ்சம் மெல்ல! நான் அட்ச்ச ஹாரன் எனக்கே கேக்கல," என்றார் ஓட்டுநர் ஏசுபாதம்.

ஆறாம் வகுப்பு மானசாவுக்கும் வசனம் இல்லை. அதனால் அவளும் நன்றாகக் கத்தினாள்.

நாடகத்தின் கதை இதுதான். நம் உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி ஆலைகள் இருக்கின்றன. நாம் சாப்பிட்ட சோற்றைச் சக்தியாக மாற்றுவது அவைதான். அந்த ஆலைக்கு வேண்டிய சேதிகள் எல்லாம் ஆர்.என்.ஏ. என்ற ஒரே நீளமான நாடாவாக வரும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சரியான இடங்களில் வெட்டினால்தான் ஒவ்வொரு சேதியும் வேலைக்கு ஆகும்.

வெட்டுவதற்கு இரண்டு கத்தரிக்கோல்கள் உண்டு. இரண்டு வேடமும் பத்ரிக்கே. ஏனென்றால் நாடகத்தை எழுதியவன் பத்ரி. இயக்கியவனும் பத்ரி. மிச்சம் இருந்த வேடங்களை அவன் பெருந்தன்மையோடு மற்றவர்களுக்குக் கொடுத்தான்.

உயரமானவர்கள் சேதிகள். அவர்களுக்கு வசனம் உண்டு. இரண்டு சேதிகளுக்கு நடுவே, முன்னும் பின்னும் வெட்டி எடுக்கவேண்டிய ஒரு குட்டி ஆர்.என்.ஏ. நிற்கும். அதற்கு மூன்றாம் வகுப்புப் பொடிசுகள். உயரம் போதாததால் மானசாவும் அந்தக் கூட்டத்தில்.

"நான் என்னடா பேசணும்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"நீ ஒரு கமா. ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல வர்ற கமா. கமா எங்கயாவது பேசுமா?" என்றான் பத்ரி.

மானசாவுக்கு அவன் கண்ணாடியைப் பிடுங்கிக் கடலில் போடலாம் போலிருந்தது. போடவில்லை. கடல் கொஞ்சம் தள்ளி இருந்தது.

செங்கல்பட்டு வந்தாயிற்று. மேடைக்குப் பின்னால் கல்யாணி மிஸ் நீளமான ரோஸ் நிறக் காகித நாடாவைப் பிரித்தார். எங்கே வெட்டுவது என்று காட்டும் எழுத்துகள் எழுதிய ஒரே நாடா. வகுப்பே ஒரு வாரம் உட்கார்ந்து செய்தது. இதுவரை அதை வெட்டிப் பார்க்கவே இல்லை. ஒத்திகையில் பத்ரி வாயாலேயே "கறுக்" என்பான்.

மிஸ் நாடாவை ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் பின் குத்தி இணைத்தார். "யாரும் அசையாதீங்க. கிழிஞ்சா அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு விளக்கைப் பார்க்க ஓடினார்.

அப்போதுதான் பத்ரி தலையணை உறையிலிருந்து தன் முகமூடியை எடுத்தான். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ரகசியம் அது. வெள்ளி ஜிகினா ஒட்டிய கத்தரிக்கோல் தலை. இறுகப் பிடிக்கட்டும் என்று காலையில்தான் உள்ளே பசை தடவியிருந்தான்.

மாட்டினான். மூக்குக்கண்ணாடி இடித்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டினான். பிரமாதமாகப் பொருந்தியது.

"எப்படி இருக்கேன்?"

"சூப்பர்டா! எழுத்து தெரியுதா?" என்றாள் மானசா.

"எந்த எழுத்து?"

"நாடாவுல இருக்கற எழுத்து."

"எந்த நாடா?"

மானசாவுக்குப் புரிந்துவிட்டது. "கழட்டுடா அத!"

பத்ரி இழுத்தான். முகமூடி வரவில்லை. முடிதான் வந்தது. பாதி காய்ந்த பசை முடியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"மானு, நீயே வெட்டிடேன்," என்றது முகமூடி. உள்ளே குரல் உடைந்திருந்தது. "நான் தப்பா வெட்டினா எல்லாம் போச்சு. எல்லாரும் என்னத்தான் திட்டுவாங்க."

ஒரு நொடி மானசாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நாடாவின் நட்டநடுவில் பின் குத்தப்பட்டு நின்றாள். நகர்ந்தால் கிழியும். அதோடு, கத்தரிக்கோல் தலைக்குள் ஒருவன் அழுதுகொண்டிருக்கும்போது எப்படிக் கோபப்படுவது?

"அழாத. முகமூடி ஊறிடப்போகுது," என்றாள். "இப்ப உனக்கு இன்னாதான் தெரியுது?"

"கலங்கலா. கம்பம் கம்பமா நிக்கறீங்க."

எல்லோரும் கம்பம் மாதிரி நின்றால் எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்? மானசா யோசித்தாள். மிஸ் கரும்பலகையில் வரைந்த படம் நினைவுக்கு வந்தது. குட்டி ஆர்.என்.ஏ. நேராக நிற்காது. தன்னைத்தானே மடித்துக்கொண்டு மூன்று இலை மாதிரி இருக்கும்.

"பொடிசுங்களா, ரெண்டு கையும் இடுப்புல வைங்க! கை முட்டி வெளிய நீட்டணும். தலையைக் குனிங்க. தலை ஒரு இலை, முட்டி ரெண்டும் ரெண்டு இலை."

"எதுக்குக்கா?" என்றான் இருப்பவர்களிலேயே சின்னவனான கிரிஷ்.

"அப்புறம் சொல்றேன். பத்ரி, இப்ப?"

முகமூடி மெல்லத் திரும்பியது. "ஏய்! நடுநடுவுல குட்டையா, அகலமா ஏதோ தெரியுது!"

"அதான் நாங்க. எழுத்தைப் படிக்காத. எங்களுக்கு முன்னாடி ஒரு வெட்டு, பின்னாடி ஒரு வெட்டு. போ!"

திரை விலகியது.

பத்ரி மழுங்கிய கத்தரிக்கோலோடு தடவித் தடவி வந்தான். முதல் பொடிசுக்கு முன்னால், கறுக். பின்னால், கறுக். முதல் சேதி விடுபட்டுத் துள்ளிக் குதித்தது. கூட்டம் கைதட்டியது. அடுத்தது, கறுக், கறுக்! மானசாவின் இரண்டு பக்கமும் கறுக், கறுக்!

அடுத்து கிரிஷ். சரியாக அந்த நேரத்தில் கிரிஷுக்கு மூக்கு அரித்தது. இடுப்பிலிருந்த கைகளை எடுத்துவிட்டான். பத்ரிக்கு அவன் இப்போது ஒரு சின்னக் கம்பம். அவனைத் தாண்டிப் போய், நீளமான சேதியின் நடு வயிற்றுக்கு நேராகக் கத்தரிக்கோலைத் திறந்தான்.

"கிரிஷ், கை!" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள் மானசா.

முட்டிகள் இரண்டும் படக்கென்று விரிந்தன. கத்தரிக்கோல் நின்றது. திரும்பியது. கறுக், கறுக்!

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. வெட்டிய சேதி வேலைக்கு ஆக ஒரு வாலும் வேண்டும். அதை ஒட்டும் வேலை சங்கரிக்கு. விடுபட்ட சேதிகளுக்கெல்லாம் ஏ, ஏ, ஏ என்று எழுதிய காகித வாலை ஒட்டி அனுப்பினாள். சேதிகள் ஓடிப்போய், ஆலையாக நின்ற அட்டை இயந்திரத்தில் நுழைந்தன. கல்யாணி மிஸ் சுவிட்சைத் தட்ட, மேலே பல்பு பளிச்சென்று எரிந்தது. அரங்கமே விசிலடித்தது.

நடுவர் அம்மா எழுந்தார். "ஒரு கேள்வி. கத்தரிக்கோல் எழுத்தைப் படிச்சுத்தான் வெட்டுச்சா?"

"இல்ல மேடம்," என்றது முகமூடி. "எனக்குச் சுத்தமா ஒண்ணுமே தெரியல. மடிஞ்சு நிக்கறவங்க உருவத்தை வெச்சுத்தான் வெட்டினேன். மானசா யோசனை. இல்லேன்னா இந்நேரம் திரைய வெட்டியிருப்பேன்."

அரங்கம் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. கண்கள் விரிந்தன. "நிஜ செல்லுலயும் அப்படித்தான்! உருவத்தை வெச்சுத்தான் இடம் கண்டுபிடிக்கும். சரி, வெட்டினதுக்கு அப்புறமும் இந்தக் குட்டிங்க ஏன் இப்படியே நிக்கறாங்க?"

எல்லோரும் மானசாவைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

"நாங்க நிமிர மாட்டோம் மேடம். மடிஞ்சபடியே எங்களுக்கும் ஒரு குட்டி வால் ஒட்டணும். அந்த வால்ல ஆளுக்கொரு அமினோ அமிலச் சரக்கை மாட்டிக்கிட்டு ஓடணும். அத வெச்சுத்தான் புரதம் கட்டுவாங்க. எங்க வேலை இனிமேதான் ஆரம்பம்."

'ஓடணும்' என்றது மட்டும் கிரிஷ் காதில் விழுந்தது. இடுப்பில் கை வைத்தபடி, தலையைக் குனிந்தபடி, அவன் ஓடினான். அவன் பின்னால் மற்றப் பொடிசுகளும் ஓடின. வாலைத் தூக்கிக்கொண்டு சங்கரி அவர்களைத் துரத்தினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, நடுவர் நின்றபடியே மதிப்பெண் எழுதினார்.

"யாருடி ஓடறாங்க? இன்னா ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று முகமூடி நாலாப் பக்கமும் திரும்பிக் கத்தியது.

பதில் சொல்ல மானசாவுக்கு ஏது நேரம்? அவளும் முட்டிகளை விரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.