பன்னிரண்டு தொட்டிகளும் ஒரு நீலப் பலகையும்

அந்த வாரம் அம்மா தொகுதியில் இருந்த எல்லாரிடமும் பேசினாள், என்னைத் தவிர.

அம்மா சட்டமன்ற உறுப்பினர். வருடத்துக்கு ஒருமுறை ‘மக்கள் சந்திப்பு வாரம்’ நடத்துவாள். திங்கள் முதல் சனி வரை ஒரு நாளைக்கு ஓர் இடம். அங்கே போய் மக்கள் சொல்வதைக் கேட்டுப் பச்சை அட்டை போட்ட குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள்.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லை. அதனால் பள்ளி விட்டதும் நானும் புத்தகப் பையோடு அம்மாவின் காரில் ஏறிக்கொள்ள வேண்டும். வீட்டுப்பாடமெல்லாம் பின்சீட்டில்தான். கார் குலுங்கிய குலுங்கலில் என் கணக்கு நோட்டு கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும்.

முன்சீட்டில் அம்மாவின் உதவியாளர் மாமா உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் வைத்த பெயர் ‘அவசரம்’. எந்த இடத்துக்குப் போவதானாலும் முன்கூட்டியே நான்கு முறை போன் செய்துவிடுவார்.

“மேடம் கிளம்பிட்டாங்க. மேடம் பாதி வழியில இருக்காங்க. மேடம் தெரு திரும்பிட்டாங்க. மேடம் வந்துட்டாங்க!”

திங்கட்கிழமை அம்மா வந்தது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு.

வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவளை எல்லாரும் ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்பாள். அவளால் நடக்க முடியாது. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிடுவாள். அங்கே ஐந்து படிகள். பெரிய வகுப்பு அண்ணன்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். அது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

“நான் என்ன மூட்டையாடி? விலைச்சீட்டு ஒண்ணுதான் ஒட்டல” என்பாள்.

அன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தால் படிகளின் மேல் ஒரு நீலப் பலகை! அகலமான, இரும்புத் தகடு அடித்த சாய்தளம். அதன் இரண்டு பக்கமும் சிவப்புப் பூக்களோடு பன்னிரண்டு தொட்டிகள்.

வக்கீல் பலகையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைத் தள்ளினாள். மேலே போய்விட்டாள்! உடனே கீழே வந்தாள். மறுபடி ஏறினாள். இப்படி ஏழு தடவை.

“மணி அடிச்சாச்சு. இது என்ன ராட்டினமா?” என்று தலைமையாசிரியர் சத்தம் போட்டார்.

அப்போதுதான் வந்து இறங்கிய அம்மா அதைப் பார்த்துக் கை தட்டினாள். குறிப்பேட்டில் எழுதினாள்: ‘சாய்தளம், நல்ல ஏற்பாடு. பூச்செடிகள், நன்று.’

செவ்வாய்க்கிழமை காலையில் பலகையைக் காணோம். தொட்டிகளையும் காணோம். தரையில் வட்ட வட்டமாகப் பன்னிரண்டு மண் தடங்கள் மட்டும் இருந்தன.

மறுபடியும் தூக்கினார்கள். மூன்றாவது படியில் ஓர் அண்ணனுக்குத் தும்மல் வந்தது. நாற்காலி சாய்ந்தது. வக்கீலின் முழங்கை சுவரில் உரசித் தோல் கிழிந்துவிட்டது.

மதியம் அவளுடைய அப்பா வந்தார். முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார்.

“போதும்மா. சனிக்கிழமை அத்தை வராங்க. அவங்க ஊர்ல பள்ளிக்கூடம் தரையோட தரையா இருக்கு. அங்கயே இருந்து படி” என்றார்.

வக்கீல் அப்போது மட்டும் “ஏன்?” என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை காரில் ஏறியதும் சொன்னேன்.

“அம்மா, அந்த நீலப் பலகையக் காணோம்மா.”

“எந்தப் பலகை? சாய்தளமா? நேத்து நானே பாத்தேனே கண்ணு!”

“இன்னைக்கு இல்லம்மா.”

அவசரம் உடனே தலைமையாசிரியருக்குப் போன் செய்தார். இரண்டு நிமிடம் தலையாட்டினார்.

“பலகை பத்திரமா இருக்காம், மேடம்.”

“கேட்டுக்கிட்டியா? பத்திரமா இருக்காம்” என்றாள் அம்மா. பத்திரமாக எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்பதற்குள் கார் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டது.

இறங்கினால், அங்கே சிவப்புப் பூத்தொட்டிகள்! எண்ணினேன். பன்னிரண்டு. ஒரு தொட்டியின் விளிம்பு, பல் விழுந்த வாய் மாதிரி உடைந்திருந்தது.

“அம்மா, இந்தத் தொட்டி…”

“அழகா இருக்குல்ல? இரு, அந்தப் பெரியவர் என்னமோ சொல்றார்” என்று அம்மா போய்விட்டாள். குறிப்பேட்டில் ‘பூச்செடிகள், நன்று’ என்று எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

புதன்கிழமை மருத்துவமனை. அதே பன்னிரண்டு. அதே உடைந்த விளிம்பு. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போனேன். நகராட்சிக் கிடங்கில் வேலை பார்ப்பவர். பக்கத்தில் அவருடைய சின்ன லாரி நின்றது.

“அண்ணே, இதெல்லாம் எங்க ஸ்கூல்ல இருந்த தொட்டிதானே?”

“ஆமா பாப்பா. காலைல இறக்கு, சாயங்காலம் ஏத்து. இந்தச் செடிங்களோட யோகத்தப் பாரு, தினம் ஒரு ஊர்வலம். என் பொண்டாட்டியக்கூட நான் இப்படிச் சுத்திக் காட்டினதில்ல.”

“நீலப் பலகை?”

“வண்டியிலதான் கிடக்கு. எங்க படி இருக்கோ அங்க போடுவோம். மேடம் போனதும் எடுத்துடுவோம்.”

ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒருத்தர் தெருவிளக்கு எரியலங்கிறார். அவரோட பக்கத்து வீட்டுக்காரர், விளக்கு ரொம்ப எரியுது, தூக்கம் வரலங்கிறார். ரெண்டு பேருக்கும் ஒரே விளக்கு! ஒரு அம்மா, மருமக பேசலன்னு மனு குடுக்கறாங்க. இதுல நீ வேற தொட்டி, பலகைன்னு… தலை வெடிக்குது கண்ணு. அப்புறம் சொல்லு.”

“அப்புறம்னா எப்பம்மா?”

“அப்புறம்னா அப்புறம்.”

பெரியவர்களின் ‘அப்புறம்’ எந்தக் கிழமையில் வரும் என்று நாள்காட்டியில் தேடினாலும் கிடைக்காது. இன்னும் மூன்று நாளில் சனிக்கிழமை வந்துவிடும்.

சொன்னால் காதில் ஏறாது, காட்டத்தான் வேண்டும் என்று தோன்றியது. மறுபடியும் தொட்டிகளிடம் ஓடினேன். என் சடையிலிருந்த மஞ்சள் ரிப்பனை அவிழ்த்து, விளிம்பு உடைந்த தொட்டியின் செடியில் கட்டினேன். காலையில் அம்மா தன் கையாலேயே எனக்குக் கட்டிவிட்ட ரிப்பன். ஓரத்தில் மைக்கறை உண்டு.

“என்ன பாப்பா, செடிக்குச் சடை பின்னுறியா?” என்று தொட்டிக்காரர் சிரித்தார்.

“அண்ணே, நாளைக்கு வரைக்கும் அவிழ்க்காதீங்க.”

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். “ஒத்தச் சடை அவிழ்ந்து தொங்குது. ரிப்பன் எங்கடி?”

“நாளைக்குக் காட்டறேன்.”

“தொலைச்சிட்டுப் பேச்சைப் பாரு!”

வியாழக்கிழமை நூலகம். கார் நின்றதும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவசரம், “பாப்பா, நேரமாச்சு, நேரமாச்சு” என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

வாசலில் வரிசையாகத் தொட்டிகள். ஒரு செடியில் மஞ்சள் ரிப்பன்.

அம்மா குனிந்து பார்த்தாள். மைக்கறையைத் தடவினாள்.

“இது உன்னோடதாச்சே! இங்க எப்படி வந்துச்சு?”

“நான் ஆஸ்பத்திரியில கட்டினேன்மா.”

அம்மா நிமிர்ந்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

“திங்கள்… பூச்செடிகள், நன்று. செவ்வாய்… பூச்செடிகள், நன்று. புதன்… அட கடவுளே! நாலு நாளா ஒரே செடியவா பாராட்டிக்கிட்டிருக்கேன்?”

அவசரம் தன் கைக்கடிகாரத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பலகை?” என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். தும்மலை, முழங்கையை, சனிக்கிழமை வரப்போகும் அத்தையை. கோபம் வந்தால் அம்மாவின் குரல் உயராது, இறங்கும். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“நாளைக்குக் காலையில ஸ்கூல்ல நானே உன்னைக் கொண்டு விடறேன்.”

“மேடம், நான் போன் பண்ணி முன்னாடியே…” என்று ஆரம்பித்தார் அவசரம்.

“உங்க போனை என் பொண்ணுகிட்டக் குடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை, பள்ளி போய்ச் சேரும் வரை அந்தப் போன் என் மடியில்தான் இருந்தது. அவசரம் மாமாவின் கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் கொடுக்கவில்லை.

நாங்கள் இறங்கிய நேரத்தில் இரண்டு அண்ணன்களும் வக்கீலைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது படியில் நின்றிருந்தார்கள். அவள் கண்களை இறுக மூடியிருந்தாள். பை ஒருபக்கம் தொங்கியது. அம்மா ஓடிப்போய்ப் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டாள். மேலே போய் இறக்கியதும் வக்கீல் கண்ணைத் திறந்தாள்.

“ஏன் மேடம் இன்னைக்கு வந்தீங்க? திங்கட்கிழமை வந்திருக்கலாமே. அன்னைக்கு எல்லாமே இருந்துச்சு.”

அம்மா ஒருபக்கம் தொங்கிய அவளுடைய பையை எடுத்து நாற்காலியில் சரியாக மாட்டினாள்.

தலைமையாசிரியர் மூச்சு வாங்க ஓடி வந்தார். “எட்டு மாசமா எழுதிக் கேட்டுட்டிருக்கேன் மேடம். கோப்பு மேசைக்கு மேசை போய்க்கிட்டேதான் இருக்கு. ஆனா உங்க வருகைக்குன்னு கேட்டா அன்னைக்கே பலகை வந்துடுது.”

“திங்கட்கிழமையே இதச் சொல்லியிருக்கலாமே!”

“நீங்க கை தட்டினீங்களே மேடம். அப்புறம் எப்படிச் சொல்றது?”

அம்மா என்னிடமிருந்து போனை வாங்கி அவசரத்திடம் கொடுத்தாள். “கிடங்கு லாரி எங்க இருந்தாலும் இங்க வரணும்.”

சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த லாரி கால் மணி நேரத்தில் வந்தது. தொட்டிக்காரர் பலகையைப் படியில் போட்டார். பழக்க தோஷத்தில் தொட்டிகளையும் இறக்கி அடுக்கினார். பிறகு ஒரு நீளமான பதிவேட்டை அம்மாவிடம் நீட்டினார்.

“வருகை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடுங்க மேடம். போட்டதும் எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்.”

“எடுக்கிறதுக்கா வரச் சொன்னேன்?”

“நான் என்ன செய்ய மேடம்? இதெல்லாம் வருகைச் சாமான். வருகை முடிஞ்சா கிடங்குக்குத் திரும்பணும். விதி அப்படி. விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். நான் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன்.

“அண்ணே, கையெழுத்துப் போட்டாத்தான் வருகை முடியுமா?”

“ஆமா பாப்பா.”

“போடலைன்னா?”

அவர் தலையைச் சொறிந்தார். “போடலைன்னா… மேடம் இன்னும் இங்கதான் இருக்காங்கன்னு கணக்கு.”

“மேடம் இருக்கிற வரைக்கும் பலகைய எடுக்கக் கூடாதுல்ல?”

“எப்படி எடுக்க முடியும்?”

“அம்மா, போடாதம்மா!”

அம்மா என்னைப் பார்த்தாள். பேனாவை மூடிச் சட்டென்று கைப்பையில் போட்டாள். அந்த வாரத்தில் அம்மா சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

“மேடம், சந்தையில பத்து மணிக்கு நிகழ்ச்சி…” என்று இழுத்தார் அவசரம்.

“வாங்க, போகலாம். அங்க தொட்டி இருக்காது. சந்தை எப்படி இருக்குன்னு பாத்துடலாம்.”

தொட்டிக்காரர் காலி லாரியைப் பார்த்துவிட்டு, “அப்பாடா, இடுப்புக்கு லீவு” என்றார்.

சனிக்கிழமை அத்தை வந்தார். வக்கீலின் அப்பா அவரைப் பள்ளிக்கே அழைத்து வந்தார். வக்கீல் அவர்கள் எதிரில் பலகையில் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். எட்டாவது தடவை அத்தை, “போதும்டி, எனக்குக் கண்ணு சுத்துது” என்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் தங்கியிருந்து, தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

வக்கீல் மறுபடியும் எல்லாவற்றுக்கும் “ஏன்?” கேட்க ஆரம்பித்தாள். ஆசிரியர்கள் பாடு திண்டாட்டமானது.

ஐந்து மாதம் ஆகியும், பதிவேட்டின்படி அம்மா எங்கள் பள்ளியில்தான் இருந்தாள். ‘தங்கள் வருகை எப்போது நிறைவடையும்?’ என்று நகராட்சியிலிருந்து நான்கு கடிதங்கள் வந்தன. வேறு யார் வந்தாலும் வைப்பதற்கு அவர்களிடம் தொட்டி இல்லை, பலகை இல்லை. கடைசியில் எட்டு மாதம் நகராத கோப்பு ஓட ஆரம்பித்தது. கொத்தனார்கள் வந்தார்கள். படிகளின் ஓரத்தில் கைப்பிடியோடு சிமெண்டுச் சாய்தளம் கட்டினார்கள்.

அது காய்ந்த மறுநாளே தொட்டிக்காரர் பதிவேட்டோடு வந்து நின்றார். அம்மாவும் வந்திருந்தாள்.

“இனிமே போடலாமே மேடம்?”

அம்மா பேனாவைத் திறந்தாள். அப்படியே ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். மைதானத்து ஓரத்தில் இருந்த குழாயிடம் போய்த் திருகினாள். அது ‘ஸ்ஸ்’ என்று காற்றை மட்டும் விட்டது.

“தண்ணி வரலியே” என்றாள் அம்மா.

“மேடம்!” என்று தொட்டிக்காரர் புதுச் சாய்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வக்கீல் அவர் பின்னால் வந்து, “அண்ணே, வழி விடுங்க” என்றாள்.

எனக்குத் தெரிந்து, பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் அம்மா கடைசிவரை கையெழுத்துப் போடவே இல்லை.